ஆர்கைல் அண்ட் பியூட்: எல்லை எங்கே, ஏன் அங்கே?

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், கின்டயர் என்ற நீண்ட தீபகற்பத்தின் தென்கோடியில் கேம்பல்டவுன் என்ற ஊர் இருக்கிறது. அங்கிருந்து கிளாஸ்கோவுக்கு வரைபடத்தில் நேர்க்கோடு போட்டால் சுமார் 100 கி.மீ. வரும். காரில் போனால் 200 கி.மீ.க்கு மேல் ஓட்ட வேண்டும். கிளாஸ்கோ கிழக்கே இருக்க, வண்டி முதலில் வடக்கே போகும். நிலத்துக்குள் புகுந்து கிடக்கும் கடலைச் சுற்றிக்கொண்டு, ஒரு மலைக் கணவாயில் ஏறி இறங்கி, அதற்குப் பிறகுதான் தெற்கே திரும்பும்.

இந்த ஊரைத் தன்னுள் கொண்ட நிர்வாகப் பகுதிக்கு ஆர்கைல் அண்ட் பியூட் என்று பெயர். ஸ்காட்லாந்து இன்று 32 கவுன்சில் பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. பரப்பளவில் ஹைலேண்டுக்கு அடுத்து இதுதான் பெரியது. சுமார் 6,900 சதுர கி.மீ. மக்கள்தொகை 2022 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 86,000. சதுர கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பேர் என்ற கணக்கு. இதன் எல்லையை வரைபடத்தில் பார்த்தால் யாரோ கண்ணை மூடிக்கொண்டு கிறுக்கியது போல இருக்கும். காரணங்கள் உண்டு. அவற்றில் பாதியைச் சட்டப் புத்தகத்தில் தேடினால் கிடைக்காது. எந்தத் துறையிலிருந்து எந்தத் துறைக்குப் படகு போகிறது என்று பார்த்தால் கிடைக்கும்.

முதலில் நிலம். பனியுகத்தில் பனியாறுகள் இந்த மலைகளை ஆழமாக அறுத்துவிட்டுப் போயின. அந்தப் பள்ளங்களில் சிலவற்றில் கடல் புகுந்தது, சிலவற்றில் நன்னீர் தங்கியது. ஸ்காட்லாந்துக்காரர்கள் இரண்டையுமே ‘லாக்’ என்பார்கள். புதிதாக வரைபடம் பார்ப்பவர்களுக்கு இது குழப்பம்தான். லாக் லோமண்ட் நன்னீர் ஏரி. லாக் ஃபைன், லாக் லாங் இரண்டும் உப்புநீர், கடலின் கைகள். லாக் ஃபைன் மட்டும் சுமார் 65 கி.மீ. உள்ளே நீண்டிருக்கிறது. லாக் ஆவ் நன்னீர், 40 கி.மீ.க்குச் சற்று அதிக நீளம், ஆனால் பெரும்பாலான இடங்களில் ஒல்லி. ஆர்கைல் அண்ட் பியூட்டின் கடற்கரை பிரான்ஸின் கடற்கரையைவிட நீளம் என்று உள்ளூர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. கடற்கரையை எவ்வளவு சின்ன அளவுகோலால் அளக்கிறோமோ அவ்வளவு நீளமாக வரும் என்பதால், இந்தப் பெருமையை நான் அரைப் புன்னகையோடுதான் கேட்டுக்கொள்வேன். ஆனாலும் சாலை போடுகிறவர்களுக்கும் பள்ளிப் பேருந்து விடுகிறவர்களுக்கும் அந்த நீளம் விளையாட்டான விஷயம் இல்லை.

இப்படிக் கடல் அறுத்த நிலம் விரல் விரலாகத் தொங்குகிறது. கிழக்கே ரோஸ்நீத், அடுத்து கௌவல், அதற்கு மேற்கே கின்டயர். வடக்கே ஓபன் நகரைச் சுற்றியுள்ளது லோர்ன். இவற்றுக்கு வெளியே தீவுகள். 2011 கணக்கெடுப்பில் மனிதர்கள் வாழும் தீவுகள் 23 இருந்தன. விஸ்கிக்குப் பேர்போன ஐலா, ஜார்ஜ் ஆர்வெல் ஒரு தனித்த பண்ணை வீட்டில் தங்கித் தன் கடைசி நாவலை எழுதிய ஜூரா, 563-ல் புனித கொலம்பா அயர்லாந்திலிருந்து வந்து மடம் அமைத்த அயோனா, பெரிய தீவான மல், காற்றுக்குப் பெயர்பெற்ற டைரீ என்று வரிசை நீளும். கியா தீவை அங்கே குடியிருப்பவர்களே சேர்ந்து 2002-ல் விலைக்கு வாங்கிவிட்டார்கள். கின்டயரின் தென்முனையிலிருந்து வட அயர்லாந்தின் ஆன்ட்ரிம் கரை சுமார் 20 கி.மீ. தூரம்தான். கேம்பல்டவுனுக்குக் கிளாஸ்கோவைவிட அயர்லாந்து பக்கம்.

ஹைலேண்ட் எல்லைப் பிளவு எனப்படும் நிலவியல் பிளவும் இந்தப் பகுதியைக் குறுக்கே வெட்டுகிறது. ஆரன் தீவில் தொடங்கி, பியூட் தீவின் நடுவாக வந்து, ஹெலன்ஸ்பரோ அருகே கரையேறி, லாக் லோமண்டின் தீவுகள் சிலவற்றைக் கோத்தபடி வடகிழக்கே போகிறது. அதற்கு வடக்கே கெட்டியான பழம்பாறை மலைகள், தெற்கே மென்மையான தாழ்நிலம். பியூட் தீவில் ஒரே நாளில் இரண்டையும் நடந்து பார்த்துவிடலாம். எந்த நிர்வாக எல்லையும் இந்தப் பிளவைப் பின்பற்றவில்லை என்பதுதான் வேடிக்கை. அகப்பட்ட இயற்கைக் கோடுகளிலேயே ஒழுங்கானது அதுதான்.

இந்தப் பகுதியில் எல்லைத் தகராறு புதிது இல்லை. பழைய நார்ஸ் கதைநூல்கள் 1098-ஐ ஒட்டி ஒரு சம்பவத்தைச் சொல்கின்றன. நார்வே அரசர் மேக்னஸும் ஸ்காட்டிய அரசரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்களாம்: மேற்குக் கரைக்கு அப்பால், நடுவில் கப்பல் போகும்படி நீர் இருக்கும் தீவெல்லாம் நார்வேக்கு. கின்டயர் தீவு இல்லை. டார்பர்ட் என்ற இடத்தில் ஏறத்தாழ ஒன்றரை கி.மீ. அகலமுள்ள நிலம் அதைப் பெருநிலத்தோடு ஒட்டவைத்திருக்கிறது. மேக்னஸ் தன் கப்பலை அந்த நிலத்தின் மேல் இழுக்கச் சொன்னார். தான் சுக்கான் பிடித்து உட்கார்ந்துகொண்டார். ஒரு கடலிலிருந்து கரையேறிய கப்பல் மறு கடலில் இறங்கியது. ஆகவே கின்டயர் தீவு, ஆகவே எனக்கு என்றார். கதையில் எவ்வளவு மிகை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். மேற்குத் தீவுகள் 1266-ல் பெர்த் உடன்படிக்கையின் பிறகே ஸ்காட்டிய அரசுக்குத் திரும்பின என்பது வரலாறு. இன்றைக்கும் டார்பர்ட்டில் நின்றால் இரு பக்கமும் கடல் நுனி பக்கத்திலேயே இருக்கும். அந்த மனிதருக்கு ஏன் அந்த யோசனை வந்தது என்பது புரியும்.

இனி, இப்போதைய எல்லை. வடக்கே ஹைலேண்ட். வடகிழக்கே ஒரு சிறு துண்டு அளவுக்கு பெர்த் அண்ட் கின்ராஸ். கிழக்கே ஸ்டெர்லிங். தென்கிழக்கே மேற்கு டன்பார்ட்டன்ஷயர். கிளைட் கடல்வாய்க்கு எதிர்க்கரையில் இன்வர்கிளைட், வடக்கு அயர்ஷயர். லாக் லோமண்டில் எல்லை தண்ணீருக்குள்ளேயே ஓடுகிறது: லஸ் கிராமம் இருக்கும் மேற்குக் கரை ஆர்கைல் அண்ட் பியூட், எதிரே பென் லோமண்ட் நிற்கும் கிழக்குக் கரை ஸ்டெர்லிங், ஏரியின் தென்முனை மேற்கு டன்பார்ட்டன்ஷயர். படகில் ஒரு சுற்று வந்தால் மூன்று கவுன்சில்களைத் தொட்டுவிடலாம்.

இந்தக் கோடு இன்றிருக்கும் வடிவத்துக்கு வந்தது 1996 ஏப்ரல் 1 அன்று. அதற்கு முந்தைய படங்கள் வேறு.

பழைய ஆர்கைல் கவுன்டி இன்றையதைவிட வடக்கே வெகுதூரம் போயிற்று. ஆர்ட்னமர்கன், மோர்வர்ன், கிளென்கோ, பாலஹூலிஷ் எல்லாம் அதில் அடக்கம். இன்னும் வடக்கே உள்ள கன்னா, ரம், மக் என்ற குட்டித் தீவுகளும் ஒரு காலத்தில் ஆர்கைல்தான். அவற்றுக்கு நடுவே இருந்த ஐக் தீவு மட்டும் இன்வர்னஸ் கவுன்டி. 1889 சட்டத்தால் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்டி கவுன்சில்கள் வந்தபோது இப்படிப்பட்ட ஒட்டு வேலைகளைச் சரிசெய்ய ஓர் எல்லை ஆணையமும் அமைந்தது. 1891-ல் மற்ற மூன்று தீவுகளையும் இன்வர்னஸில் சேர்த்தார்கள்.

எல்லாமே சரியாகிவிடவில்லை. லெவன் ஆறு இரு கவுன்டிகளுக்கும் எல்லை. அந்த ஆற்றங்கரையில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீர்மின்சாரத்தை நம்பி ஓர் அலுமினிய உருக்காலை வந்தது. ஆலையோடு கின்லாக்லெவன் என்ற ஊர் ஆற்றின் இரு கரையிலும் வளர்ந்தது. வடகரை வீடு இன்வர்னஸ் கவுன்டி, தென்கரை வீடு ஆர்கைல் கவுன்டி. ஆலை ஒன்று, ஊர் ஒன்று, நிர்வாகம் இரண்டு. இந்த நிலை 1975 வரை நீடித்தது.

1975 மே 16 அன்று கவுன்டி கவுன்சில்கள் ஒழிந்தன. ஸ்காட்லாந்தின் பெருநிலம் பெரிய பிராந்தியங்களாகவும் அவற்றுக்குள் மாவட்டங்களாகவும் பிரிந்தது. ஆர்கைலின் வட பகுதி வெட்டப்பட்டு ஹைலேண்ட் பிராந்தியத்துக்குப் போயிற்று. கின்லாக்லெவன் முழுவதும் ஹைலேண்ட் ஆனது. மீதி ஆர்கைலும் பியூட் தீவும் ஒரு மாவட்டமாகி, கிளாஸ்கோவைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்ட்ராத்கிளைட் பிராந்தியத்துக்குள் அடங்கின. ஸ்ட்ராத்கிளைட்டில் ஸ்காட்லாந்து மக்களில் ஏறத்தாழ பாதிப் பேர் இருந்தார்கள். டைரீ தீவின் சாலைக்கும் கிளாஸ்கோ புறநகரின் சாலைக்கும் ஒரே பிராந்திய மன்றம் பொறுப்பு. இது நெடுநாள் தாங்காது என்று அப்போதே தோன்றியிருக்க வேண்டும். 1994-ல் வந்த சட்டம் இரண்டு அடுக்குகளையும் நீக்கி, 1996 முதல் ஒரே அடுக்குள்ள 32 கவுன்சில்களை வைத்தது. பள்ளி, சமூகப் பராமரிப்பு, உள்ளூர்ச் சாலை, கட்டட அனுமதி, குப்பை, நூலகம், உள்ளூர் வரி எல்லாம் ஒரே கூரையின் கீழ் வந்தன.

1975-ல் வெட்டிய கோட்டின் விளைவை மல் தீவில் கண்ணாலேயே பார்க்கலாம். ஃபிஷ்னிஷ் துறையில் காரோடு படகில் ஏறினால் கால் மணி நேரத்துக்குச் சற்று மேலான பயணத்தில் லாக்அலின் துறை வந்துவிடும். ஏறுமிடம் ஆர்கைல் அண்ட் பியூட், இறங்குமிடம் ஹைலேண்ட். இறங்குகிற மோர்வர்ன் நூற்றாண்டுகளாக ஆர்கைலாக இருந்த மண். இரு கரை மக்களும் கல்யாணம், கருமாதி, சந்தை என்று போய்வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். ஆனால் ஒரு கரைக்காரர் பள்ளிக்கூட விஷயமாக எழுதும் கடிதம் ஆர்கைல் அண்ட் பியூட்டின் தலைமையகமான லாக்கில்ப்ஹெட்டுக்குப் போகும், மறு கரைக்காரருடையது ஹைலேண்டின் தலைமையகமான இன்வர்னஸுக்கு.

பியூட் கவுன்டியின் கதை இன்னும் சுவாரசியம். அது முழுக்கத் தீவுகளால் ஆனது: பியூட், ஆரன், கம்பிரே தீவுகள். தலைமையிடம் பியூட் தீவின் ராத்சே. 1975-ல் இதை இரண்டாகப் பிய்த்தார்கள். ஆரனும் கம்பிரேக்களும் அயர்ஷயர் பக்கம் போயின. இன்று அவை வடக்கு அயர்ஷயர் கவுன்சில். ஆரனின் பெரிய படகு நெடுங்காலம் அயர்ஷயரின் ஆர்ட்ராசனுக்கே போய்வந்தது. கம்பிரேயின் படகு லார்க்ஸுக்கு. கடைவீதியும் மருத்துவமனையும் அந்தப் பக்கம். ஆகவே எல்லை படகின் பின்னால் போனது என்று சொல்லிவிடலாம்.

சொல்லிவிடலாம்தான், பியூட் மட்டும் குறுக்கே வராவிட்டால். பியூட்டின் முக்கியப் படகு போவது வீம்ஸ் பேக்கு, அது இன்வர்கிளைட். அங்கிருந்து கிளாஸ்கோவுக்கு ரயில். படகுக் கணக்குப்படி பியூட் கிளைட்டின் தென்கரையோடு சேர்ந்திருக்க வேண்டும். சேர்ந்ததோ ஆர்கைலோடு. தீவின் வடமுனையில் சில நூறு மீட்டர் அகலமுள்ள ஒரு நீர்ச்சந்தி இருக்கிறது. அதைக் கடக்கப் படகுக்கு ஐந்து நிமிடம் போதும். முன்பு மாடுகளை அங்கே நீந்தவிட்டே கடத்துவார்கள். அதைத் தாண்டினால் கௌவல், அதாவது ஆர்கைல். பூகோளத்தை மதித்தார்கள், பயணிகள் போகும் வழியை மதிக்கவில்லை. ஆரனுக்கு ஒரு நியாயம், பியூட்டுக்கு ஒரு நியாயம்.

எனக்கு இதைவிட விசித்திரமாகப் படுவது ஹெலன்ஸ்பரோ. தொலைக்காட்சி முன்னோடி ஜான் லோகி பேர்ட் பிறந்த ஊர். சார்லஸ் ரென்னி மக்கின்டாஷ் வடிவமைத்த ஹில் ஹவுஸ் இங்கேதான் இருக்கிறது. கவுன்சில் பகுதியிலேயே பெரிய நகரம் இதுதான். கிளாஸ்கோவுக்கு முக்கால் மணி நேரம் போலப் பிடிக்கும் மின்ரயில் உண்டு. இது ஒருநாளும் ஆர்கைலாக இருந்ததில்லை. பழைய டன்பார்ட்டன் கவுன்டி. 1975-ல் டம்பார்ட்டன் மாவட்டம். 1996-ல் அந்த மாவட்டத்தை இரண்டாக்கி, ஹெலன்ஸ்பரோவையும் லாக் லோமண்டின் மேற்குக் கரையையும் ஆர்கைலோடு சேர்த்தார்கள். டம்பார்ட்டன் நகரம் கிளைட்பேங்கோடு சேர்ந்து மேற்கு டன்பார்ட்டன்ஷயர் ஆயிற்று. இன்று கவுன்சிலின் மக்களில் நான்கில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள் இந்தத் தென்கிழக்கு மூலையில் இருக்கிறார்கள். பிரிட்டனின் அணு ஆயுத நீர்மூழ்கிகள் நிற்கும் ஃபாஸ்லேன் தளமும் இந்த மூலையில்தான். ஆயிரக்கணக்கானோருக்கு அங்கே வேலை. இவர்கள் இல்லாவிட்டால் கவுன்சில் மிகவும் மெலிந்துபோயிருக்கும். அதற்காக இவர்கள் கொடுக்கும் விலை, தங்கள் கவுன்சில் தலைமையகத்துக்குப் போக ஒரு மலையைத் தாண்டி சுமார் 100 கி.மீ. பயணம். கிளாஸ்கோ அதில் பாதி தூரம்கூட இல்லை.

தலைமையகம் லாக்கில்ப்ஹெட்டில், கில்மோரி கோட்டை என்ற பழைய மாளிகையில் இருக்கிறது. ஊரில் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். ஏன் இவ்வளவு சின்ன ஊர் என்று கேட்கத் தோன்றும். வரைபடத்தில் அது ஏறக்குறைய நடுவில் இருக்கிறது: கின்டயருக்கும் ஓபனுக்கும் இடையே, ஐலா படகுத்துறைக்கு எட்டும் தூரத்தில். பக்கத்தில் ஓடும் கிரினன் கால்வாய், 14 கி.மீ. நீளம், 15 மடைகள், 1801-ல் திறந்தது. கின்டயரின் தென்முனையைச் சுற்றி ஆபத்தான கடலில் போகாமல் மேற்குக் கடலுக்குச் செல்லக் கப்பல்களுக்கு அது குறுக்குவழி. ஓபன் பெரிய ஊர், படகுகளின் கூடுதுறை; அங்கே வைத்திருக்கலாம் என்பவர்கள் உண்டு. ஆனால் கேம்பல்டவுன்காரருக்கு ஓபன் இன்னும் தூரம். எங்கே வைத்தாலும் யாராவது ஒருவர் அரைநாள் பயணம் செய்தாக வேண்டிய நிலம் இது.

கிழக்கிலிருந்து உள்ளே வரும் முக்கியச் சாலை ஏ83. லாக் லோமண்ட் கரையில் டார்பெட் கிராமத்தில் தொடங்கிக் கேம்பல்டவுனில் முடிகிறது. வழியில் ‘ரெஸ்ட் அண்ட் பி தேங்க்ஃபுல்’ என்ற கணவாய், சுமார் 246 மீட்டர் உயரம். இளைப்பாறு, நன்றி சொல் என்று பொருள். 18-ஆம் நூற்றாண்டில் ராணுவச் சாலை போட்ட சிப்பாய்கள் நட்ட கல்லிலிருந்து வந்த பெயர். கனமழை பெய்தால் மலைச்சரிவு சாலையில் இறங்கும். 2020 ஆகஸ்டில் ஆயிரக்கணக்கான டன் மண்ணும் பாறையும் இறங்கின. சாலை மூடினால் கீழே பள்ளத்தாக்கில் உள்ள அந்தப் பழைய ராணுவச் சாலையில் வண்டிகளை வரிசையாக அழைத்துப் போவார்கள். அதுவும் முடியாவிட்டால் வடக்கே சுற்றிப் போக வேண்டும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஏ83 தேசிய நெடுஞ்சாலை. அதற்குப் பொறுப்பு ஸ்காட்டிய அரசு, கவுன்சில் இல்லை. தன் பகுதியின் கழுத்து நெரிபடும்போது கவுன்சில் கோரிக்கை வைக்கலாம், அவ்வளவுதான். சாலையின் மேல் சுமார் 1.4 கி.மீ. நீளத்துக்கு ஒரு காப்புக் கூரை கட்டுவதே தீர்வு என்று 2023-ல் அரசு தேர்ந்தெடுத்தது.

இப்படி, கவுன்சில் எல்லைக்கு மேலேயே வேறு பல எல்லைகள் படர்ந்து கிடக்கின்றன. மருத்துவம் 2006 முதல் இன்வர்னஸைத் தலைமையிடமாகக் கொண்ட என்எச்எஸ் ஹைலேண்டின் கையில். ஆனால் பெரிய சிகிச்சைக்கு நோயாளிகளை அனுப்புவது பெரும்பாலும் கிளாஸ்கோவுக்கு. காவலும் தீயணைப்பும் 2013 முதல் ஸ்காட்லாந்து முழுமைக்கும் ஒன்று. 2002-ல் வந்த லாக் லோமண்ட் அண்ட் டிராசக்ஸ் தேசியப் பூங்கா நான்கு கவுன்சில் பகுதிகளில் கால் வைத்திருக்கிறது. அதற்குள் வரும் லஸ், ஆரோஹர் போன்ற ஊர்களில் வீட்டை நீட்டிக் கட்ட வேண்டுமென்றால் அனுமதி கேட்க வேண்டியது பூங்கா ஆணையத்தை. குப்பை அள்ளுவது மட்டும் கவுன்சில். ஸ்காட்டிய நாடாளுமன்றம் 1999-ல் தொடங்கியபோது ஹெலன்ஸ்பரோவை டம்பார்ட்டன் தொகுதியில் வைத்தார்கள். லண்டன் நாடாளுமன்றத்துக்கு வேறு கணக்கு: 2024 முதல் தொகுதியின் பெயர் ஆர்கைல், பியூட் அண்ட் சவுத் லாஹாபர், வடக்கே ஹைலேண்டில் ஒரு பங்கையும் சேர்த்துக்கொண்டது. அஞ்சல் குறியீட்டைப் பார்த்தால் டைரீ வரைக்கும் பெய்ஸ்லி நகரின் எழுத்துகள், ஹெலன்ஸ்பரோவுக்குக் கிளாஸ்கோவுடையது.

கவுன்சிலுக்குள்ளே 11 வார்டுகள், 36 உறுப்பினர்கள். 2007 முதல் விகிதாசார முறையில் ஒரு வார்டுக்கு மூன்று அல்லது நான்கு பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பெரும்பாலான தீவுகளுக்குத் தனி வார்டு கிடையாது. பியூட்டுக்கு மட்டும் உண்டு. ஐலா, ஜூரா, காலன்சே, கியா எல்லாம் ‘கின்டயர் அண்ட் தி ஐலண்ட்ஸ்’ வார்டில். மல், அயோனா, கோல், டைரீ ஆகியவை ஓபனின் தென்பகுதியோடு. தீவுகளுக்காக 2018-ல் வந்த சட்டம் ஓரிரு உறுப்பினர் கொண்ட சிறிய வார்டுகளுக்கு இடம் கொடுத்தது. அதன்படி வரைந்த புதிய வார்டுத் திட்டத்தை 2021-ல் ஸ்காட்டிய நாடாளுமன்றம் ஏற்கவில்லை. பழைய வார்டுகளே தொடர்ந்தன.

தீவுக்காரருக்கு எல்லை என்பது நடைமுறையில் என்ன? கோல், காலன்சே, லிஸ்மோர் தீவுகளில் மேல்நிலைப் பள்ளி இல்லை. பிள்ளைகள் பதினொன்று, பன்னிரண்டு வயதில் ஓபனுக்கு வந்து விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். மல் தீவின் வடகோடியில் டோபர்மோரியில் பள்ளி இருந்தும், தென்கோடிப் பிள்ளைகளும் அயோனாப் பிள்ளைகளும் ஓபன் விடுதிக்கே வருகிறார்கள். தங்கள் தீவின் மறுமுனைக்குத் தினம் போய்வருவதைவிட அது எளிது. ஜூராப் பிள்ளைகள் ஐலாவுக்குப் போகிறார்கள். ஐலாவையும் ஜூராவையும் இணைக்கும் சிறு படகு கவுன்சிலுடையது. பெரிய படகுகளை இயக்குவது அரசுக்குச் சொந்தமான கேல்மேக் நிறுவனம். கோல், காலன்சே, ஓபன் விமானத்தளங்களும் கவுன்சில் கையில். பள்ளியும் குப்பை வண்டியும் நடத்தும் ஒரு மன்றம் கப்பலும் விமானத்தளமும் நடத்துவது பிரிட்டனில் பரவலான வழக்கம் இல்லை.

கடைசியாக, இந்தப் பகுதியில் பழைய ஆவணம் தேடுபவர்களுக்கு ஒரு தகவல். முதலில் ஆவணத்தின் ஆண்டைப் பாருங்கள். 1975-க்கு முந்தைய கிளென்கோ பதிவுகளை ஆர்கைல் என்று தேட வேண்டும். ஆரன் என்றால் பியூட். ஹெலன்ஸ்பரோ என்றால் டன்பார்ட்டன். வீடு, நிலம் சம்பந்தப்பட்ட விஷயத்தில் ஆண்டு பார்க்கவும் தேவையில்லை. ஸ்காட்லாந்தின் நிலப் பதிவேடு இன்றைக்கும் பழைய கவுன்டிகளின்படியே நடக்கிறது. ஆரனில் இன்று ஒருவர் வீடு வாங்கினால் வரி கட்டுவது வடக்கு அயர்ஷயர் கவுன்சிலுக்கு. அவருடைய பத்திர எண் மட்டும் பி, யு, டி என்ற மூன்று எழுத்துகளில்தான் தொடங்கும்.